உணர்ச்சியா, உணர்வா? நாம் குழப்பிக்கொள்ளும் இடங்கள்

முதுகுக்குப் பின்னால் திடீரென்று ஹாரன் அலறுகிறது. உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது, நெஞ்சு படபடக்கிறது. அதற்குப் பிறகுதான் "பயந்துட்டேன்" என்று நமக்கே தெரிகிறது. உடம்பில் கிளம்பியது உணர்ச்சி, அதை மனம் அறிந்தது உணர்வு. நரம்பியல் அறிஞர் அந்தோனியோ டமாசியோ பிரிப்பது ஏறக்குறைய இப்படித்தான். எல்லா உளவியலாளர்களும் இந்தக் கோட்டை ஏற்பதில்லை. பேச்சில் நாமும் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றித்தான் போடுகிறோம், அதில் குற்றமில்லை. (தொல்காப்பியம் நகை, அழுகை தொடங்கி எட்டு உணர்ச்சிகளையும் 'மெய்ப்பாடு' என்றது. மெய் என்றால் உடம்பு!)

சிக்கல் வருவது வேறிடத்தில். உடம்பின் படபடப்புக்கு மனம் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பிவிடுகிறோம். 1974-இல் டட்டன், ஆரோன் என்ற இரு உளவியலாளர்கள் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். ஆழமான பள்ளத்தின் மேல் ஆடும் தொங்குபாலத்தில் வந்த ஆண்களிடம் ஒரு பெண் சில கேள்விகள் கேட்டு, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். தாழ்வான, உறுதியான பாலத்தில் சந்தித்தவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் பிறகு அவரை அழைத்தார்கள். பாலம் தந்த படபடப்பை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். தூக்கம் கெட்ட நாளில் எதிரில் வருபவர் மேல் நாம் எரிந்து விழுவதும் இதே கணக்குதான்.

"நீ என்னை மதிக்கலைன்னு ஃபீல் பண்றேன்" என்பது இன்னொன்று. அது உணர்வே அல்ல, எதிராளியைப் பற்றிய தீர்ப்பு. அதனால்தான் பதிலுக்கு வாதம் வருகிறது. அடியில் இருப்பது வருத்தமா, அவமானமா என்று பார்த்து அதைச் சொன்னால் பேச்சு வேறு திசையில் போகும். எல்லாவற்றையும் 'கோபம்' என்ற ஒரே பையில் போடுவதும் இதன் உறவுதான். மனத்தாங்கல், ஆற்றாமை, பொறாமை, ஏமாற்றம் என்று இத்தனை சொற்கள் தமிழில் சும்மாவா இருக்கின்றன? உணர்ச்சிக்குப் பெயரிடும்போது மூளையில், பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்கெடுக்கும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு தணிவதாக 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

முகத்தில் காட்டாவிட்டால் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. அருவருப்பான படத்தைப் பார்த்தபடி முகத்தை இறுக்கி வைத்தவர்களுக்கு அருவருப்பு குறையவில்லை என்று 1993-இல் கிராஸ், லெவன்சன் என்ற உளவியலாளர்கள் கண்டார்கள்.

"எனக்குக் கோபமே வந்திருக்கக் கூடாது" என்று தன்னையே திட்டிக்கொள்பவர்களும் உண்டு. கிளம்புவதற்கு அது நம்மிடம் அனுமதி கேட்பதில்லை. வந்த பிறகு அதை வைத்து என்ன பேசினோம் என்பதற்கு வேண்டுமானால் திட்டிக்கொள்ளலாம்.