ஒரு அம்பு தப்பினால் சைட்டைத் திருகாதீர்கள்

என் மகள் ரீகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் குறிபார்க்க உதவும், திருகி நகர்த்தக்கூடிய சின்னக் கருவிதான் சைட். பாலக்கோட்டுக்கு வெளியே எங்கள் கொல்லையில் 30 மீட்டர் அளந்து, கேழ்வரகுத் தாளை இறுக்கிக் கட்டி, அதன்மேல் 80 செ.மீ. இலக்கை ஒட்டியிருக்கிறோம். பின்னால் உயரமான மண்மேடு. இலக்கில் பத்துக்கான வட்டத்தின் அகலம் வெறும் 8 செ.மீ.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். அந்தத் திமிரில் ஒவ்வொரு அம்புக்கும் "சைட்டைக் கொஞ்சம் ஏத்தும்மா", "இறக்கும்மா" என்று நச்சரித்தேன். அவள் ஸ்கோர்தான் இறங்கியது. "நீ பேசாம இருப்பா" என்றாள். அப்புறம்தான் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

முதலில் அம்பின் வேகம். போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு வில்லாளியின் காலடியில் வையுங்கள். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் திறந்தால் நாண் சத்தமும் அம்பு தைக்கும் சத்தமும் இரண்டு முள்ளாக நிற்கும். எங்களுக்கு இடைவெளி 0.69 நொடி. தைத்த சத்தம் நம்மிடம் திரும்பி வரவே 0.09 நொடி ஆகும். அதைக் கழித்தால் 0.60. ஆக, வேகம் நொடிக்கு 50 மீட்டர். அதற்குள் புவியீர்ப்பு அம்பை 4.9 × 0.6 × 0.6, அதாவது 1.76 மீட்டர் கீழே இழுத்துவிடுகிறது. நாணை இழுப்பதில் சின்ன வித்தியாசம் வந்து வேகம் 1 சதவீதம் குறைந்தால் இன்னும் மூன்றரை செ.மீ. இறங்கும். சைட் சரியாக இருந்தாலும் நடுவில் போகவேண்டிய அம்பு பத்தின் விளிம்புக்கு வந்துவிடும்.

இப்படித் தானாக வரும் சிதறலுக்குச் சைட்டைத் திருகினால் என்ன ஆகும்? பகடையில் பார்க்கலாம். இரண்டை உருட்டி, கூட்டுத்தொகையில் 7ஐக் கழியுங்கள். 9 விழுந்தால் 2 செ.மீ. மேலே, 4 விழுந்தால் 3 செ.மீ. கீழே. தாளில் முதல் நெடுவரிசையில் அதை அப்படியே எழுதுங்கள். இது சைட்டைத் தொடாதவர். இரண்டாவது நெடுவரிசையில் இந்த எண்ணிலிருந்து முந்தைய உருட்டலின் எண்ணைக் கழித்து எழுதுங்கள். இது முந்தைய அம்பு தப்பியதை ஈடுகட்ட ஒவ்வொரு அம்புக்கும் திருகுகிறவர், அதாவது நான். முந்தையது 2 மேலே, இப்போது 3 கீழே என்றால் இவருக்கு 5 கீழே! எக்செல்லில் ஆயிரம் அம்பு விட்டுப் பார்த்தேன். இரண்டாமவரின் சிதறல் சுமார் 1.4 மடங்கு.

அதனால் ஆறு அம்பு விடுங்கள். கை நழுவியது என்று விட்ட கணமே தெரிந்ததைச் சேர்க்காதீர்கள். மற்றவற்றின் நடுப்புள்ளியைக் குறியுங்கள். அது மையத்திலிருந்து விலகி, அடுத்த ஆறிலும் அதே பக்கம் நின்றால் மட்டும் அந்தப் பக்கமே சைட்டை நகர்த்துங்கள். ஆடிக் காற்றுக்கும் இதே கதைதான்: ஒரே சீராக அடித்தால் சைட்டில் சரிசெய்யலாம், விட்டுவிட்டு அடித்தால் காத்திருப்பதே மேல்.

இப்போது சைட் அவள் பொறுப்பு. அம்பு பிடுங்கி வருவது மட்டும் என் வேலை.