சம்ப்பில் சுழி விழுந்தால் பேரிங்கைக் கழற்றாதீர்கள்

பம்ப் சல்லி அரைப்பதுபோல் கரகரத்தால் எல்லோரும் முதலில் கழற்றுவது பேரிங்கைத்தான். நானும் இரண்டு பேரிங் மாற்றினேன், தண்டம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை. மணிக்கு 60 கனமீட்டர் இழுக்கும் பம்ப், சம்ப்பை ஒட்டிய பள்ளத்தில் நிற்கிறது. பகலில் ஒழுங்காக ஓடும். ராத்திரி ஷிப்ட்டில் தண்ணீர் இறங்கியதும் ஆம்ப்ஸ் முள் ஆடும், பிரஷர் விழும்.

ஒருநாள் மூடியைத் திறந்து டார்ச் அடித்தேன். சக்‌ஷன் வாய்க்கு (தண்ணீரை உறிஞ்சும் பைப்பின் நுனி) நேர்மேலே விரல் விடுகிற அளவுக்கு ஒரு குழி. ஒரு சிட்டிகை நீலச் சாயம் போட்டேன். நூல் முறுக்கியதுபோல் சுற்றிக்கொண்டு வாய்க்குள் இறங்கியது. காற்றும் அதே வழியில்தான் போகிறது, கரகரப்பும் அதனால்தான். (அன்றைக்கு வெள்ளைத் துணி ஓடவில்லை, தப்பித்தேன்.)

வாய்க்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்க வேண்டும்? வாயில் நுழையும் தண்ணீரின் வேகத்தை, 9.81-ஐ (புவியீர்ப்பு) வாயின் விட்டத்தால் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுங்கள். அதை 2.3-ஆல் பெருக்கி, 1 கூட்டி, மறுபடி விட்டத்தால் பெருக்குங்கள். எல்லாம் மீட்டர் கணக்கு. எங்களுடையது 100 மிமீ பைப். வேகம் நொடிக்கு 2.1 மீட்டர், தேவை சுமார் 60 செமீ. ஃப்ளோட் சுவிட்ச் (தண்ணீர் இறங்கினால் பம்ப்பை நிறுத்தும் மிதவை) பம்ப்பை நிறுத்தியதோ 45 செமீயில்!

சம்ப்பை ஆழப்படுத்த முடியாது. அதனால் கீழ்நோக்கிய வாயில் 200 மிமீ பெல் மவுத் (மணிபோல் விரிந்த வாய்) வைத்தோம். வேகம் கால்வாசியானது, தேவை சுமார் 37 செமீக்கு இறங்கியது. சம்ப் தரையிலிருந்து 8 செமீ இடைவெளி விட்டோம். பெல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருக்கலாம். ரொம்ப ஒட்டினால் தரையிலிருந்தே சுழி கிளம்பும். வேலை முடிகிறவரை ஒரு பலகையைக் கயிற்றில் கட்டிச் சுழிமேல் மிதக்கவிட்டோம், அதுவே பாதி சத்தத்தைக் குறைத்தது.

அப்புறமும் லேசாகக் கரகரத்தது. சம்ப்புக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் பைப் மேலிருந்து தண்ணீரைக் கொட்டி, நுரையைச் சக்‌ஷன் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. அதை எதிர்மூலைக்கு மாற்றி, நுனி எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும்படி நீட்டினோம். பம்ப் வாயருகே இருந்த ரிட்யூசரையும் (பைப் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு) தட்டைப் பக்கம் மேலே வரும்படி திருப்பினோம், அங்கே காற்று தேங்கக் கூடாது.

ஃப்ளோட் சுவிட்ச் இப்போது 50 செமீயில். சுவரில் சிவப்புப் பெயின்ட்டில் கோடும் போட்டிருக்கிறேன்.