வரிக் குறைப்பு வாக்குறுதியை எப்படி நிறுப்பது?

இலங்கையில், பரந்தனில் சில்லறைக் கடை வைத்திருக்கிறன். தேர்தல் வந்தால் ஒவ்வொரு கட்சியும் துண்டுப்பிரசுரத்தோடு படியேறும். "வற் வரியைக் குறைப்பம் அண்ணை" (வற் என்பது பொருளின் விலையோடு சேர்த்து எடுக்கிற பெறுமதி சேர் வரி) என்றால் முதலில் கேளுங்கோ: எவ்வளவால், எந்தப் பொருளுக்கு?

பிறகு கணக்குப் போடுங்கோ. 18 வீத வரியோடு 118 ரூபாய்க்கு விற்கிற சவர்க்காரம், வரி முழுக்கப் போனால்தான் 100 ரூபாய்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம்: குறைகிற வருமானத்தை எங்கே எடுப்பீங்கள்? 2019 தேர்தலில் வாக்குறுதி, டிசம்பர் 1 இல் வற் 15 வீதத்திலிருந்து 8 ஆனது. எல்லாரும் சந்தோசப்பட்டம். திறைசேரி வருமானம் விழுந்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்கு அதுவும் ஒரு காரணம். அந்த வருசம் தண்ணி இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் தேடி, வெறுங்கானோடு விடிய விடிய வரிசையில் நின்றன்; வெங்காயப் பாத்தி காய்ந்தது. வரி 12, 15 என ஏறி, 2024 சனவரியில் 18 ஆனது.

சனாதிபதி வேட்பாளர் சொன்னால், பாராளுமன்றத்தில் பெரும்பான்மை இருக்கா என்றும் கேளுங்கோ. அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரைப்படி அரச நிதி பாராளுமன்றத்தின் கையில்.

பதிலைத் திகதியோடு கொப்பியில் எழுதுங்கோ. என்ர கொப்பி கல்லாப்பெட்டிக்குள் இருக்கு.