பழங்குடிச் சுகாதார நிலையங்களில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

மலைக்கிராமங்களில் சுகாதாரப் பணி தொடங்கும் இளைஞர்கள், எங்கள் தலைமுறை இடறி விழுந்த அதே இடங்களில் இடறுவதைப் பார்க்கிறேன். பதிவேடு எழுதுவது, தடுப்பூசியைக் குளிர்ச்சியில் வைப்பது எல்லாம் பயிற்சியிலேயே சொல்லிவிடுவார்கள். மக்களே நடத்த வேண்டிய நிலையம் மக்கள் கையை விட்டுப் போவது எப்படி என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

கணக்கைக் குழுவுக்குக் காட்டாமல் இருப்பது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். ஊர்க்குழு அமைப்பார்கள், கூட்டம் போடுவார்கள், கையெழுத்து வாங்குவார்கள். எதற்கு எவ்வளவு செலவு என்பது மட்டும் நகரத்து அலுவலகத்தில் முன்பே முடிவாகியிருக்கும்.

நீலகிரியில் ஒரு நிறுவனத்தின் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். வரவுசெலவுத் திட்டத்தை வாசித்து முடித்ததும் ஒரு மூதாட்டி கேட்டார்: "நோயாளிக்குத் துணைக்கு வருகிறவர் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார் சார்?" அதற்கு நிதி ஒதுக்கவில்லை என்று பதில் வந்தது. அவர் அதன்பின் வாய் திறக்கவில்லை. ஜீப்புக்கு ஒதுக்கியிருந்த பெருந்தொகையைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவும் இல்லை.

அடுத்த சில மாதங்களில் நோயாளிகள் இரண்டாம் நாளே சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். துணைக்கு வந்தவருக்குக் கூலியும் போய், சாப்பாடும் இல்லையென்றால் யார் தங்குவார்கள்? அறிக்கையில் எழுதிய காரணமோ "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை". அந்த வரியைப் படித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முன்கூட்டியே எச்சரித்தவர் அந்த மக்களில் ஒருவர். பிறகு நிதி நின்றது. மாதம் எவ்வளவு இருந்தால் நிலையத்தை ஓட்டலாம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாததால், அதைக் காப்பாற்ற ஊராரால் முடியவில்லை. பூட்டிவிட்டார்கள்.

அதே நீலகிரியின் கூடலூரில் 1990-இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை வேறு வழியில் போனது. பழங்குடி இளம்பெண்களுக்கே செவிலியர் பயிற்சி கொடுத்தார்கள். 1992-இல் அப்பகுதிப் பழங்குடிகளின் சங்கமான ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர்களுக்கு மருத்துவக் காப்பீடு வந்தபோது, உறுப்பினர்களும் தம் பங்குக்குச் சிறுதொகை கட்டினார்கள். கட்டியவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை தானாக வருகிறது. சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971-இல் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் தொடங்கிய மருத்துவ நிலையத்திலும் நிர்வாகம் அவர்கள் கையில்தான் இருந்தது.

ஆகவே மருந்து, டீசல், சம்பளம் என்று மாதக் கணக்கை ஊரில் உரக்கப் படியுங்கள். காசோலையில் குழு உறுப்பினர் ஒருவரின் கையெழுத்தும் கட்டாயம் இருக்கட்டும். யாரிடமும் அனுமதி கேட்காமல் குழு செலவழிக்க ஒரு தொகையை விட்டுவையுங்கள். நீங்கள் கொண்டுவரும் திட்டத்தை அவர்கள் வேண்டாமென்றால் அது நிற்க வேண்டும்.

எல்லோரையும் ஒரே "பழங்குடி" ஆக்குவது

கூடலூர்ப் பகுதியில் மட்டும் பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் என்று ஐந்து சமூகங்கள் சேர்ந்து வாழ்கின்றன. முள்ளுக்குறும்பரில் பலருக்குச் சொந்த நிலம் உண்டு. பணியரோ தலைமுறை தலைமுறையாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்கள், பெரும்பாலோர் கூலிகள். யார் முதலில் பேசுகிறார்களோ அவர்களையே தலைவராக்கினால் பணியர் வீட்டுப் பெண்ணின் குரல் குழுவுக்கு வரவே வராது. ஒவ்வொரு சமூகத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். பெண்களுக்குத் தனியாகவும் ஒதுக்குங்கள்.

கூட்டத்தைக் காலை பதினோரு மணிக்கு வைப்பது

அன்றைய கூலி போய்விடும். மாலையில் வையுங்கள்.

ஊர்ச் சுகாதாரப் பணியாளரை எடுபிடியாக்குவது

வீட்டுக்கு வீடு தெரிந்தவர் அவர். வார்டு சுற்றும்போது மருத்துவர் அவர் பேச்சைக் கேட்க வேண்டும்.

ரத்தம் எடுத்துக்கொண்டு மறைந்துவிடுவது

பெற்றோரிடமிருந்து மரபணு வழியாக வரும் ரத்தநோயான அரிவாள் செல் ரத்தசோகைக்கு நடத்தும் பரிசோதனை முகாம்களில் இது அடிக்கடி நடக்கிறது. முடிவு ஆய்வகத்திலேயே தங்கிவிடும், வீட்டுக்கு வராது. அந்த நோயின் மரபணுவைத் தாய், தந்தையில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றுச் சுமப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். தாய், தந்தை இருவருமே சுமப்பவர்களாக இருந்தால்தான் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இதைப் பொறுமையாக விளக்காமல் முடிவு எழுதிய அட்டையை மட்டும் நீட்டினால், நலமாக இருக்கும் பெண்ணை நோயாளி என்று ஊர் ஒதுக்கிவிடும். முடிவைத் தனியாக, அந்த ஊர்ப் பணியாளரே சொல்லட்டும். நோய் இருப்பவர்களுக்கு மாத்திரை எங்கே கிடைக்கும், மூட்டுவலியோ காய்ச்சலோ வந்தால் இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும்.