பழங்குடிகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்டு 9 வந்தால் போதும். உலகப் பழங்குடியினர் நாள் என்று சொல்லிக் கட்டுரைகள், காணொளிகள், பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட்கள் எல்லாம் வந்து குவியும். இறகு செருகிய தலை, சாயம் பூசிய முகம், கூடவே "ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளாக மாறாத வாழ்க்கை" என்ற வரி. தகராறே அந்த வரியில்தான். மற்றப் பிழைகளில் பாதி அதன் வயிற்றில் பிறந்தவை.

முதலாவது, "கற்கால மனிதர்கள்". அந்தமானின் வட சென்டினல் தீவைப் பற்றி எழுதினால் இந்தச் சொல் தவறாமல் வந்து விழும். 1981இல் பிரிம்ரோஸ் என்ற சரக்குக் கப்பல் அந்தத் தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறையில் மாட்டிக்கொண்டது. மாலுமிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். கப்பல் அங்கேயே கிடந்தது. தீவினர் அதன் இரும்பை எடுத்து அம்புமுனைகளாக அடித்துக்கொண்டார்கள். இவர்களையா கற்காலம் என்பது?

"வெளியாட்களையே பார்க்காதவர்கள்" என்பதும் பொய். 1880இல் மாரிஸ் போர்ட்மன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆட்களோடு தீவில் இறங்கி, ஒரு முதிய தம்பதியையும் நான்கு பிள்ளைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துக்கொண்டு போனார். போன இடத்தில் நோய் தொற்றிப் பெரியவர்கள் இருவரும் இறந்துபோனார்கள். பிள்ளைகளின் கையில் பரிசுப்பொருள்களைக் கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நூறாண்டு கழித்து, 1991இல், மானுடவியலாளர் மதுமாலா சட்டோபாத்யாய் இடம்பெற்ற குழு கடலில் தேங்காய்களை மிதக்கவிட்டபோது, தீவினர் தண்ணீரில் இறங்கி வந்து எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் அம்பை நீட்டுவதைக் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதுகிறவர்கள் போர்ட்மன் கதையை ஒரு வரியாவது சேர்த்து எழுதட்டும்.

அடுத்தது, கண்ணில் பட்டதையெல்லாம் பழைமை என்று நினைப்பது. குதிரைமேல் பறந்து காட்டெருமை வேட்டையாடும் அமெரிக்கப் பழங்குடி வீரர் படத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் அமெரிக்கக் கண்டங்களில் குதிரை இனம் அற்றுப்போய்ப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்தவைதான் பெருகிப் பரவின. அமெரிக்கப் பழங்குடிகளில் ஒருவரான செயென் மக்கள் அதற்குமுன் ஊர்கட்டி மக்காச்சோளம் பயிரிட்டவர்கள். குதிரை கைக்கு வந்ததும் சமவெளிக்கு இறங்கி, கூடாரம் தூக்கி அலையும் வேட்டைக்காரர்கள் ஆனார்கள். உழவிலிருந்து வேட்டைக்கு! வேட்டையில் தொடங்கி உழவு, பிறகு நகரம் என்று நம் பாடப்புத்தகம் போட்ட படிக்கட்டில் இவர்களை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

நமீபியாவின் ஹெரேரோ பெண்களின் உடை இன்னும் வியப்பானது. கழுத்துவரை மூடிய மேற்சட்டை, பல அடுக்குப் பாவாடை எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஐரோப்பியப் பாதிரிமார் வீட்டுப் பெண்களின் உடையிலிருந்து வந்தவை. தலையில் மட்டும் மாட்டுக்கொம்பு போல இருபுறமும் நீண்ட துணிக்கட்டு. மாடுதான் ஹெரேரோக்களின் செல்வம். 1904 முதல் 1908 வரை ஜெர்மானியப் படை அவர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. மாண்டவர்களை நினைவுகூரும் விழாவில் ஆண்கள் அந்த ஜெர்மானியச் சீருடையைப் போன்ற உடை அணிந்தே அணிவகுக்கிறார்கள். இதைக் கண்டு "ஐயோ, பாரம்பரியத்தைத் தொலைத்துவிட்டார்களே" என்று இரங்குவதைவிடப் பெரிய தவறு இல்லை.

"தனித்து வாழும் குடி" என்பதை எழுதுமுன் நீலகிரியை நினைத்துக்கொள்ளுங்கள். தோடர் எருமை வளர்த்து நெய் கொடுத்தார்கள். படகர் தானியம் கொடுத்தார்கள். பானை, கோடரி மட்டுமா, தோடர் வீட்டுச் சாவுக்கு வாசிக்க மேளமும் கைவினைஞரான கோத்தரிடமிருந்துதான் வரவேண்டியிருந்தது. இழவுக்கு மேளம் வெளியிலிருந்து வந்த ஒரு குடியைத் தனித்தது என்று எப்படிச் சொல்வது?

இனி மினாங்கபாவு. இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்ராவின் இந்த மக்களைப் பற்றித் தேடினால் "பெண்கள் ஆளும் உலகம்" என்ற தலைப்பு கட்டாயம் கண்ணில் படும். தாய்வழியையும் பெண்ணாட்சியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது மிகப் பழைய பிழை. அங்கே குடும்ப நிலமும் கொம்பு வளைவுக் கூரை போட்ட பெருவீடும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும், அது உண்மை. ஆனால் குலத்தலைவர் பட்டம் ஆணுக்குத்தான், அதுவும் தாய்மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்கு. பிள்ளைகளைக் கண்டித்து வளர்க்கும் பொறுப்பும் தாய்மாமனுடையது. கணவன் அந்த வீட்டில் கிட்டத்தட்ட விருந்தாளி. நிலம் கிடைக்காத இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியூர் போவது அங்கே வழிவழி வந்த வழக்கம். மேற்குச் சுமத்ராவின் தலைநகர் பாடாங்கின் பெயரில் இந்தோனேசியா எங்கும் சாப்பாட்டுக்கடைகள் முளைத்தது அப்படித்தான். நாட்டின் முதல் துணை அதிபர் ஹத்தாவும் மினாங்கபாவுக்காரர். மலேசியாவின் சிரம்பான் தமிழர்களுக்கு இந்தக் கூரையை நான் விளக்க வேண்டியதில்லை: அவர்கள் வாழும் நெகிரி செம்பிலான் மாநிலத்தின் வழக்கங்கள் அங்கே குடியேறிய மினாங்கபாவு மக்களுடையவை. குடி தாய்வழியில் வரும் மட்டக்களப்பு வாசகர்களுக்கும் இது புதிதாக இராது.

மினாங்கபாவு மக்கள் முஸ்லிம்கள் என்றதும் இன்னொரு அவசர முடிவு வந்துவிடும்: மதம் வந்து மரபை அழித்திருக்கும், அல்லது மதம் வெறும் மேல்பூச்சு. இரண்டுமே நடக்கவில்லை. 1803இல் தொடங்கி 1837வரை நீண்ட பாத்ரி போரில், சமயச் சீர்திருத்தக்காரர்களும் மரபுத் தலைவர்களும் முதலில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். நடுவில் டச்சுக்காரர்கள் புகுந்தார்கள். கடைசியில் நிலைத்தது ஒரு சமரசம். பரம்பரை நிலம் தாய்வழியில் போகும். தானாகச் சம்பாதித்த சொத்தை இஸ்லாமிய முறைப்படி பிரிக்கலாம்.

எது பரம்பரை, எது சொந்தச் சம்பாத்தியம் என்பதில் சச்சரவு இல்லாமல் இருக்குமா? பரம்பரை நிலத்தில் கணவன் தன் காசு போட்டுக் கட்டிய வீடு யாருக்கு என்று கேட்டுப் பாருங்கள். மாமன் ஒன்று சொல்வார், கணவன் ஒன்று சொல்வார், நிலத்துக்காரியான பெண் வேறொன்று சொல்லக்கூடும். அவர்களில் ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு "மினாங்கபாவு வழக்கம் இதுதான்" என்று எழுதிவிடாதீர்கள்.