உங்கள் நூலை நீங்களே வெளியிடுவது எப்படி? கடற்கரை எழுத்தாளர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று நீளும் நம் இராமநாதபுரம் கடற்கரையில் எழுதி முடித்த கையெழுத்துப் படியை வீட்டில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்கள் பலரை நான் அறிவேன். சங்கு குளித்தவரின் நினைவுகள், தீவுகளில் பாசி எடுக்கும் பெண்களின் அன்றாடம், தனுஷ்கோடியை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோனபோது உயிர்தப்பி வந்தவர் சொன்ன செய்திகள் என்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஒரு பகுதிக்குரிய நூல்கள். பெரிய பதிப்பகங்கள் இவற்றைத் தயக்கத்தோடு பார்ப்பது விற்பனைக் கணக்கினால்தானே தவிர, அவற்றின் தகுதிக் குறைவினால் அன்று. தேவைக்கேற்பச் சில படிகள் மட்டும் அச்சிடும் முறை பரவியதும், 2016 இறுதியில் அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் வரத்தொடங்கியதும் இத்தகைய நூல்களுக்கு வழி திறந்துவிட்டன. பாம்பன் மீன் பெயர்களையும் கடல்தொழில் சொற்களையும் தொகுத்து நானே வெளியிட்ட நூலில் கற்றுக்கொண்டவற்றை, செய்யவேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: கையெழுத்துப் படியை யூனிகோடில் கொண்டுவருதல்

நூலை எந்த வடிவில் வெளியிட்டாலும் மூலக்கோப்பு, எல்லாக் கருவிகளும் ஒன்றுபோலப் படிக்கும் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இருக்கவேண்டும். புதிதாகத் தட்டச்சு செய்பவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை. கைப்பேசியிலோ, கணினியில் தமிழ்99 விசைப்பலகையிலோ அடித்தால் அது யூனிகோடாகவே அமையும். டிடிபி கடையில் பழைய எழுத்துருக்களில் அடித்து வாங்கிய கோப்பு என்றால் அதை மாற்றி மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்து, வரிவரியாகச் சரிபார்க்கவேண்டும்.

இந்த மாற்றத்தில் அடிக்கடி நேரும் ஒரு பிழையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகர எழுத்தும் ஒன்றாகவே இருந்தன. ஆகையால் ‘மௌனம்’ என்ற சொல் மாற்றியின் வழியே வரும்போது ‘மெ’, ‘ள’ என்ற இரண்டு எழுத்துகளாகப் பிரிந்து ‘மெளனம்’ என்று ஆகிவிடுகிறது. தாளில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மின்னூலில் ஒருவர் ‘மௌனம்’ என்று தேடினால் அந்தப் பக்கம் கிடைக்காது. இதைத் திருத்துவதற்காக நான் ‘கெள’ என்று வரும் இடங்களையெல்லாம் ஒரே கட்டளையில் ‘கௌ’ என்று மாற்றினேன். அதனால் ‘கெளரவம்’ என்பது ‘கௌரவம்’ என்று சரியானது. ஆனால் ‘கெ’ எழுத்தும் ளகரமும் முறைப்படியே சேர்ந்து நிற்கும் ‘கெளுத்தி’, ‘கெளிறு’ ஆகிய மீன் பெயர்கள் நூல் முழுவதும் உடைந்து போயின. மொத்தமாக மாற்றாதீர்கள், ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுங்கள். ஒரு மாலை கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

இரண்டாம் படி: மெய்ப்புப் பார்த்தல்

நீங்களே வெளியிடுகிறீர்கள் என்றால், பதிப்பகத்தில் ஆசிரியர் குழு செய்யும் வேலை உங்கள் தலைமேல் வருகிறது என்று பொருள். நூலின் தரம் அட்டையிலோ தாளிலோ இல்லை, இங்கேதான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து. செலவைக் குறைக்க வேண்டியிருந்தால் அட்டையில் குறையுங்கள், மெய்ப்பில் குறைக்காதீர்கள்.

குறைந்தது இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் இலக்கணமும் சந்தியும் அறிந்த மெய்ப்புத் திருத்துநராக இருக்கட்டும். மற்றவர் உங்கள் நூல் பேசும் தொழிலைச் செய்தவராக இருக்கட்டும். வெளியூரைச் சேர்ந்த திருத்துநர் ஒருவரிடம் நான் கொடுத்தபோது, அவர் மிகுந்த அக்கறையோடு ‘வாளை’ என்ற மீனின் பெயரை எல்லா இடங்களிலும் ‘வாழை’ என்று திருத்தி அனுப்பினார். நானும் கவனிக்கவில்லை. வல்லம் என்னும் படகில் நாற்பது ஆண்டு மீன்பிடித் தொழில் செய்த என் பெரியப்பாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. அவரை மாலையில் கரையில் உட்காரவைத்து வாசித்துக் காட்டினேன். மூன்றாம் பக்கத்திலேயே கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

“என்னய்யா, வாழையின்னு வாசிக்கிற? வலையில பட்டது வாளைல்ல. வெள்ளித் தகடு மாதிரி நீளமா கெடக்குமே, அது.”

அதற்குப் பிறகு நூல் முழுவதையும் அவருக்கு வாய்விட்டு வாசித்தேன். பதினோரு மாலைகள் ஆயின. கொண்டல், வாடை, கச்சான் என்று காற்றுகளின் பெயரை எழுதியிருந்த அத்தியாயத்தில் எந்தக் காற்றுக்கு வடகடலில் தொழில், எந்தக் காற்றுக்குத் தென்கடலில் தொழில் என்பதை நான் இரண்டு இடங்களில் மாற்றி எழுதியிருந்ததும் அப்படித்தான் தெரிந்தது. வட்டாரச் சொற்கள் மிகுந்த நூலாக இருந்தால், அந்தச் சொற்களையெல்லாம் ஒரு தாளில் தனியே எழுதி, இவற்றில் கைவைக்கக் கூடாது என்ற குறிப்போடு திருத்துநரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

மூன்றாம் படி: பக்க வடிவமைப்பும் அளவும்

கட்டுரை, நாவல் நூல்களுக்கு ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்ட டெமி அளவு வழக்கம். கவிதைக்குச் சிறிய கிரவுன் அளவு பொருந்தும். ஆஃப்செட் அச்சில் 16 பக்கங்கள் ஒரு பாரம் என்பதால் மொத்தப் பக்கங்கள் 16இன் மடங்காக அமைந்தால் தாள் வீணாகாது. முதுகின் தடிமன் பக்க எண்ணிக்கையையும் தாளின் கனத்தையும் பொறுத்தது. ஆகவே உள்பக்கங்கள் இறுதியாவதற்கு முன் முழு அட்டையை முடிக்கச் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: ஐஎஸ்பிஎன் எண் பெறுதல்

ஒவ்வொரு நூலையும் தனியே அடையாளம் காட்டும் இந்தப் பதின்மூன்று இலக்க எண் இந்தியாவில் இலவசம். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை வழங்குகிறது. எழுத்தாளர் தம் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அடையாளச் சான்று, நூலின் தலைப்புப் பக்கம் ஆகியவற்றை ஆயத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறோர் எண் என்பது விதி. கிண்டிலில் மட்டும் வெளியிடுவதானால் அமேசான் தன் அடையாள எண்ணைத் தானே கொடுத்துவிடும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குத் தனியே பெருந்தொகை கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். எண்ணோடு வெளியிட்டவர், அச்சிட்டவர் பெயர்கள், முதற்பதிப்பின் மாதம், ஆண்டு ஆகியவற்றைப் பதிப்புரிமைப் பக்கத்தில் தவறாமல் அச்சிடுங்கள். பதிப்புரிமை எழுதியவருக்கு இயல்பாகவே உரியது. 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி அது அவர் காலத்துக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை.

ஐந்தாம் படி: அச்சும் கணக்கும்

நம் பக்கத்து எழுத்தாளர்களுக்குச் சிவகாசி அருகில் இருப்பது பெரிய வசதி. நேரில் சென்று தாளைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். ஐம்பது, நூறு படிகள் போதும் என்றால் டிஜிட்டல் அச்சு. ஐந்நூறுக்கு மேல் என்றால் ஆஃப்செட் மலிவு. இடைப்பட்ட எண்ணிக்கைக்கு இரண்டிலும் விலை கேட்டு ஒப்பிடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. ஒரு படிக்கு அடக்கவிலை 80 ரூபாய் என்றும், 300 படிகள் அச்சிடுகிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். முதலீடு 24,000 ரூபாய். நூலின் விலை 200 என்று வைத்தால், கடைக்காரருக்கு 35 விழுக்காடு கழிவு போக உங்கள் கைக்கு வருவது 130. கடைகள் வழியாக மட்டும் விற்றால் 185 படிகள் விற்ற பிறகுதான் முதல் திரும்பும்; நேரில் விற்றால் 120 படிகளிலேயே திரும்பிவிடும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, அச்சுக்குப் போகும் முன்பே முன்பதிவு திரட்டுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோதே வாங்குவோரிடம் கையொப்பம் பெற்றுத்தான் பணத்துக்கு வழிசெய்தார்.

பணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். என் முதல் தொகுப்பை அப்படி ஒன்றிடம் ஒப்படைத்து, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திட்டேன். இரண்டு ஆண்டுகளுக்கு வேறெங்கும் வெளியிடக் கூடாது என்ற வரி அதில் இருந்தது. இறுதிக் கோப்பும் என் கைக்கு வரவே இல்லை. உரிமை யாரிடம், வடிவமைத்த கோப்பு உங்களுக்குக் கிடைக்குமா, விற்பனைக் கணக்கை எப்போது தருவார்கள் ஆகிய மூன்றும் எழுத்தில் இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

படிகள் வந்தபின் அவற்றைச் சேமிப்பதில் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு தனிக் கவலை உண்டு. லேமினேஷன் செய்த அட்டையின் உட்பக்கத் தாள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி விரிவதால், ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் அட்டைகள் சுருண்டு எழும்பும். கட்டுகளைப் பிரிக்காமல் பாலித்தீன் உறையிட்டு, தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பலகைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

ஆறாம் படி: மின்னூல்

கிண்டிலுக்கு வேர்ட் கோப்பையோ, மின்னூலுக்கென்றே உள்ள இபப் வடிவக் கோப்பையோ பதிவேற்றலாம். அட்டைப்படம் 2560 பிக்சல் உயரமும் 1600 பிக்சல் அகலமும் கொண்ட ஜேபெக் படமாக இருக்கட்டும். வங்கிக் கணக்கு, வருமானவரி பான் எண் ஆகிய விவரங்களைக் கேட்கும். கொடுத்துவிட்டால் உரிமைத்தொகை நேரே கணக்கில் வரும். உரிமைத்தொகை 35 விழுக்காடு, 70 விழுக்காடு என இரண்டு வகை. இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு வேண்டுமென்றால் அமேசானின் கேடிபி செலக்ட் என்ற திட்டத்தில் சேரவேண்டும். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் வெளியிடக் கூடாது. 70 விழுக்காட்டு வகையில் கோப்பின் அளவுக்கு ஏற்ப ஒரு மெகாபைட்டுக்கு 7 ரூபாய் கழித்துக்கொள்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். மீன் படங்களைக் கைப்பேசியில் எடுத்த அளவிலேயே நுழைத்திருந்தேன். படங்களைச் சுருக்கிய பிறகுதான் ஒவ்வொரு விற்பனையிலும் எனக்குக் குறிப்பிடத்தக்க தொகை நின்றது.

ஏழாம் படி: வாசகரிடமும் நூலகத்திடமும் சேர்த்தல்

நூல் வெளியான 30 நாள்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு படி அனுப்பவேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம். தாமே வெளியிடுவோரில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். நம் வீட்டுக் கட்டுகள் ஒரு புயலில் நனைந்து போனாலும் நூலின் ஒரு படி பாதுகாப்பாக இருக்கும் இடங்கள் அவை, தயவுசெய்து விடாதீர்கள். பொது நூலகத் துறை நூல்கள் வாங்குவதற்கு விண்ணப்பம் கேட்கும் அறிவிப்பையும் கவனித்து வாருங்கள். அஞ்சலில் அனுப்புவோர், நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்ப அஞ்சல் துறை 2025 மே மாதம் தொடங்கிய ஞான போஸ்ட் சேவைக்குத் தங்கள் நூல் பொருந்துமா என்று அஞ்சலகத்தில் கேட்டுப் பாருங்கள். பதிப்புரிமைப் பக்கத்தை ஒழுங்காக அச்சிட்டது அங்கேயும் பயன்படும். இராமநாதபுரம் புத்தகத் திருவிழாவில் தனி அரங்கு எடுக்க இயலாவிட்டால், அரங்கு எடுக்கும் விற்பனையாளர் ஒருவரிடம் கழிவு பேசி இருபது படிகள் வைத்துவிடலாம்.

முதல் நாளிலேயே ஒரு படியைத் தனியே எடுத்து, அட்டையில் ‘திருத்தப் படி’ என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் சொல்லும் பிழைகளையும் புதிய செய்திகளையும் அந்தந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே தேதியிட்டுக் குறித்து வாருங்கள். அடுத்த அச்சுக்கு அதுதான் மூலம். என்னுடைய திருத்தப் படியில் இப்போது 43 குறிப்புகள் இருக்கின்றன. கடைசியாக எழுதியது முள்ளிமுனையிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் சொன்னது: நான் ஒரே மீன் என்று எழுதியிருந்த காரல், அவர்கள் கரையில் நான்கு பெயர்களில் நான்கு மீன்களாம்.