மேமோகிராம் எடுக்கச் செல்லும் நாளில்

மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய எடுக்கும் எக்ஸ்ரே படமான மேமோகிராம் பரிசோதனைக்கு நாள் குறிக்கும்போது, மாதவிடாய் நிற்காத பெண்கள் விலக்கு முடிந்த அடுத்த வாரத்தைத் தேர்ந்தெடுத்தால், மார்பக வீக்கமும் வலியும் தணிந்திருக்கும்; இரு தட்டுகளுக்கிடையே சில விநாடிகள் அழுத்தப்படுவதைத் தாங்குவதும் எளிதாகும். அன்று காலை குளித்தபின் அக்குளிலும் மார்பிலும் பவுடரோ டியோடரண்டோ பூசக் கூடாது. அவற்றின் துகள்கள் படத்தில், சில வேளை புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய சுண்ணாம்புப் படிவுகளைப் போல வெண்புள்ளிகளாகத் தெரிந்து வீண் கலக்கத்தை உண்டாக்கக்கூடும். (பவுடர் பூசாமல் வாசலைத் தாண்டாதவர்களுக்கு இது சற்றுக் கடினம்தான்.) முந்தைய படங்கள் இருந்தால் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள், அவற்றோடு ஒப்பிட்டால்தான் புதிய மாற்றம் புலப்படும். அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2024இல், 40 முதல் 74 வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை இப்பரிசோதனையைப் பரிந்துரைத்தது. இடையில் கட்டியோ காம்பில் கசிவோ தென்பட்டால், அடுத்த முறைவரை காத்திராமல் மருத்துவரிடம் உடனே காட்ட வேண்டும்.